கொடிவழி நிரலுக்குப் பெயர் வாங்கிய கதை

நிரல் எழுதியதில் போகாத உயிர், அதற்குப் பெயர் வைப்பதில் போய்விட்டது. வம்சாவளித் தரவுக்கான பைத்தான் நிரல்மொழியில் எழுதிய சின்னஞ்சிறு தொகுப்பு அது. ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) கோப்பைப் படிக்கும், தமிழ்ப் பெயர்களைச் சிதைக்காமல் திருப்பி எழுதும், அவ்வளவுதான் அதன் வேலை. கேட்டவர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்ததை ஒழுங்காகப் பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஏற்றிவிடலாம் என்று இறங்கியதும்தான் கூத்து தொடங்கியது.

கணக்குத் தொடங்குவது, இரட்டைச் சரிபார்ப்பு (2024 ஜனவரி முதல் எல்லோருக்கும் கட்டாயம்), சோதனைத் தளத்தில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது எல்லாம் ஒரு மாலையில் முடிந்தன. சோதனைத் தளத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே பெயர் கிடைத்துவிட்டது என்று துள்ளவும் வேண்டாம். அந்தப் பதிவேடு வேறு, அசல் தளத்தின் பதிவேடு வேறு.

நான் விரும்பிய பெயர் அசல் தளத்தில் போய்விட்டிருந்தது. எடுத்தவர் அதில் வைத்திருந்ததோ ஒரு பக்கம்கூட நிறையாத நிரல். பல ஆண்டுகளாகப் புதிய பதிப்பு எதுவும் இல்லை. சரி, நடுவில் ஓர் அடிக்கோடு போட்டு வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெயர்களை ஒப்பிடும்போது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். புள்ளி, இணைகோடு, அடிக்கோடு மூன்றும் ஒன்றுதான். பைத்தான் சமூகத்தின் விதி ஆவணங்களில் ஒன்றான பெப் 503 அப்படித்தான் சொல்கிறது. பார்வைக்கு மிக நெருக்கமாக இருக்கும் பெயரையும் தளம் மறுத்துவிடும். போலித் தொகுப்புகளைத் தடுக்க அது தேவைதான் என்றாலும், அன்றைக்கு என் வாயில் வந்த வார்த்தைகள் வேறு.

கைவிடப்பட்ட பெயரைக் கேட்டு வாங்க வழி உண்டு; பெப் 541 அதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்பது உறுதியாக வேண்டும். தொகுப்பும் ஓராண்டாக அசையாமல் கிடந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போடுமுன் மரியாதைக்காக அவருக்கே ஒரு கடிதம் எழுதினேன். பதில் வந்தது, அதுவும் சுடச்சுட: "என்றாவது பயன்படுத்துவேன், இருக்கட்டும்." ஆளே பதில் சொன்ன பிறகு கைவிடப்பட்டது என்று எப்படி வாதாடுவது? வெற்றுத் தொகுப்பு என்று புகார் செய்யவும் வழியில்லை. அந்த அரைப் பக்க நிரல் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறதே! விட்டுவிட்டேன்.

அடுத்து, ஜெட்காம் என்ற சொல்லை முன்னால் வைத்து ஒரு பெயர் யோசித்தேன். ஜெட்காம் 7ஆம் பதிப்பின் விவரக்குறிப்பைப் புரட்டியபோது, அதை வெளியிடும் ஃபேமிலிசர்ச் அமைப்பின் பெயரோடு சேர்ந்த "ஃபேமிலிசர்ச் ஜெட்காம்" ஒரு வணிகமுத்திரை என்ற குறிப்பு கண்ணில் பட்டது. வம்பு எதற்கு என்று அதையும் ஒதுக்கினேன். கடைசியில் வைத்தது "கொடிவழி"யில் பிறந்த ஒரு சுருக்கம். ஆங்கில எழுத்தில் ழகரம் வராதபடி பார்த்துக்கொண்டேன். பைபிஐ பெயரில் தமிழ் எழுத்து செல்லாது, ரோமன் எழுத்தில் ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். தேடுபவர் கையில் தொகுப்பு சிக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தளத்தில் பதியும் பெயர் ஒன்று, நிரலுக்குள் இறக்குமதி செய்யும் பெயர் இன்னொன்று. இரண்டாவதை யாரும் காவல் காப்பதில்லை. வெறும் "ஜெட்காம்" என்ற இறக்குமதிப் பெயரை ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் பயன்படுத்துகின்றன. இரண்டை ஒரே கணினியில் நிறுவினால் ஒன்றின் கோப்புகள்மேல் மற்றொன்று ஏறி உட்காரும். தொகுப்புகளை நிறுவித் தரும் பிப் கருவி ஒரு வார்த்தை சொல்லாது. இரண்டு பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும்.

உரிமத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். எனக்கு, யாரும் எப்படியும் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம்தான் வேண்டும். கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளில் நாள்களைப் பகுத்துப் படிக்கும் பகுதி கண்ணைப் பறித்தது. ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல். அதிலிருந்து எடுத்து ஒட்டினால் என்னுடையதும் ஜிபிஎல் ஆக வேண்டும். எனவே அந்தப் பகுதியை நானே முக்கி முனகி எழுதினேன்.

பெயர்த் தொல்லை ஓய்ந்ததும் தரவுத் தொல்லை. 1999இல் வரைவாக வந்த ஜெட்காம் 5.5.1 பதிப்பின் கோப்புகள்தாம் இன்றும் மக்கள் கையில் புழங்குகின்றன. அதில் ஒரு வரி 255 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் "கான்க்" என்ற குறியோடு அடுத்த வரியில் தொடர வேண்டும். இடைவெளி தொலையாமலிருக்கச் சொல்லின் நடுவில் வெட்டு என்பது விதி. ஆங்கிலத்துக்கு அது சரி. எனக்கு வந்த ஒரு கோப்பில் "லெட்சுமி" வெட்டுப்பட்டு, ல ஒரு வரியிலும் கொம்பு அடுத்த வரியிலுமாகக் கிடந்தது. வரியின் தொடக்கத்தில் புள்ளிவட்டத்தோடு ஒரு கொம்பு தனியாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வரிகளை முதலில் ஒட்டிவிட்டுப் படித்தால் பெயர் பிழைக்கிறது. வேறொரு மென்பொருள் பைட் கணக்கில் வெட்டியிருந்தது. யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (ல ஒன்று, கொம்பு இன்னொன்று) மூன்று பைட், நடுவில் வெட்டினால் எழுத்தே இல்லை. அதற்காகப் பைட்டாகவே ஒட்டி, பிறகு எழுத்தாக மாற்றுகிறேன். 2021இல் வந்த 7ஆம் பதிப்பு கான்க் குறியையே எடுத்துவிட்டது, புண்ணியம்.

தலைப்பெழுத்து இன்னொரு தலைவலி. ஜெட்காமில் குடும்பப் பெயரை இரு சாய்கோடுகளுக்கு நடுவே எழுதுவார்கள். நம் ஊரில் தந்தை பெயரைத் தூக்கி அங்கே வைத்தால் தாத்தா, மகன், பேரன் மூவரும் மூன்று குடும்பமாகிவிடுவார்கள். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டு, தலைப்பெழுத்தைத் தந்தையின் பதிவிலிருந்தே எடுக்கிறேன். முத்தையா என்றால் "மு" வர வேண்டும். முதல் குறியீட்டை மட்டும் எடுத்தால் "ம" வந்து நிற்கும், கவனம்.

சோதனைக் கோப்புக்கு உயிரோடு இருப்பவர்களின் தரவை ஏற்காதீர்கள். நல்லெண்ணத்தோடு ஒருவர் தம் குடும்பக் கோப்பை அப்படியே இணைப்புக் கோரிக்கையில் (என் நிரலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) அனுப்பிவிட்டார்: பிறந்த நாள், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், எல்லாம். கோப்பை அழித்தாலும், மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலிருந்து அது போகாது. வரலாற்றையே திருத்தி எழுதிய பிறகும் கோரிக்கைப் பக்கத்தில் அது நின்றது; நிரலை வைத்திருந்த தளத்தின் உதவிக்குழுவுக்கு எழுதித்தான் அகற்ற முடிந்தது. இப்போது கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்திருக்கிறேன். பெரிய கோப்பு வேண்டுமென்றால், ஐரோப்பிய அரச குடும்பங்களைத் தொகுத்த "ராயல்92" வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது.

ஏற்றும் முன் பதிப்பு எண்ணை இன்னொருமுறை பாருங்கள். ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரை, அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. கோபத்தில் திட்டத்தையே அழித்தால் பெயர் பொதுவுக்குப் போய்விடும், வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

0.1.0 வெளியானது. முதல் பிழை அறிக்கை மலேசியாவிலிருந்து. அங்கே தமிழர் பெயரில் மகன் என்பதற்கு "ஏ/எல்" என்று எழுதுவார்கள். அதில் ஒரு சாய்கோடு இருக்கிறது அல்லவா! என் நிரல் அதற்குப் பின்னால் இருந்ததையெல்லாம் குடும்பப் பெயராக்கிவிட்டது. இந்தச் சாய்கோட்டை வெறும் எழுத்தாகவே கொள் என்று சொல்லும் குறியீடும் ஜெட்காமில் கிடையாது. ஒற்றைச் சாய்கோடு "ஏ/எல்" அல்லது (மகள் என்பதற்கான) "ஏ/பி"க்கு நடுவில் வந்தால் தொடாதே, வெளியே எழுதும்போது முழுச் சொல்லாக விரித்து எழுது என்று ஒரு விதி சேர்த்து 0.1.1 ஏற்றினேன். அறிக்கை அனுப்பியவர் தம் கோப்பு முழுவதும் சரியாகத் திறந்ததாக எழுதியிருக்கிறார். கூடவே அடுத்த பிழையையும்.