பதினாறு என்றால் பதினாறா?

லண்டனிலிருந்து விடுமுறைக்கு மதுரை வந்திருந்த அக்கா மகனுக்கு வயது பதினான்கு. "மாமா, என்னை உள்ளே விடுவார்களா?" என்று ஆட்டோவிலேயே மூன்று முறை கேட்டுவிட்டான். அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. நாங்கள் பார்க்கப் போன தமிழ்ப் படத்துக்கு அங்கே '15' சான்றிதழ். அந்த ஊரில் 15 என்றால், பதினைந்து நிரம்பாத பிள்ளையை அப்பா அம்மாவே கையைப் பிடித்து அழைத்துப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரியவர் துணை செல்லுபடியாவது '12ஏ' வரைதான்.

இங்கே அதே படத்துக்கு 'யு/ஏ 16+'. எண்ணைப் பார்த்தால் நாம்தான் கண்டிப்பானவர்கள். டிக்கெட் கிழித்தவரோ அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்வரிசையில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று. திரையில் முதல் வெட்டு விழுந்ததும் வீறிட்டது. அதன் அப்பா பாப்கார்னை நீட்டிச் சமாதானப்படுத்தினார். என் மருமகன் படத்தை விட்டுவிட்டு அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சான்றிதழைக் காசுக் கணக்காகவே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2011-இல் தமிழக அரசு 'யு' படங்களுக்குத்தான் கேளிக்கை வரிவிலக்கு என்றது. அரிவாள் படம் எடுத்தவர்களும் 'யு' கேட்டு வரிசையில் நின்றார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து அந்தக் கணக்கு முடிந்தது. 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது என்பதால் வெட்டிக் கொடுத்து 'யு/ஏ' வாங்கும் பேரம் மட்டும் இன்னும் நடக்கிறது.

இடைவேளையில், சமோசாவுக்கு நின்றபடி, அவனுக்கு விளக்கினேன். 1983 முதல் ஒரே 'யு/ஏ'வாக இருந்ததை 2023-இன் திருத்தச் சட்டம் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. ஆனால் அவை பெற்றோருக்கான குறிப்பு மட்டுமே. பெற்றோரோ காப்பாளரோ தவிர வேறு யாரும் அந்த எண்ணைக் காட்டிப் பிள்ளைகளைத் தடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. பதினெட்டு நிரம்பாதவரை வாசலில் மறிப்பது 'ஏ' படத்துக்குத்தான்.

"அப்படியென்றால் அந்தப் பதினாறு யாருக்காக, மாமா?"

"உன் அம்மாவுக்காக. அவள் பார்த்து முடிவு செய்ய வேண்டும்."

அவன் சமோசாவைக் கடித்தபடி யோசித்தான். "நாம் கோயிலுக்குப் போயிருப்பதாகத்தானே அம்மாவிடம் சொன்னீர்கள்?"