சேட் வாங்கினால் தோளைப் பார்

என் கழுத்து பதினைந்தரை. உடம்பு வேலிக் கதியால் மாதிரி. கொலர் சரியாக வரும் சேட்டைப் போட்டால் இடுப்பைச் சுற்றி இன்னொரு ஆள் நிற்க இடமிருக்கும்.

1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்த காலந்தொட்டு வெளிநாட்டாருக்கு இங்கே உடுப்புத் தைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் மிஞ்சியது புறக்கோட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். துணி சோக்கு, தையலும் சோக்கு. அளவுதான் எங்கள் ஆட்களுக்கு வெட்டியது இல்லை.

கடையில் நான் பார்ப்பது தோள் மட்டும். தோளும் கையும் சேரும் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்கவேண்டும். கீழே வழிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கையைக் கழற்றிக் கைக்குழியைத் திருப்பி வெட்டுவது ரெயிலரின் வேலை. பக்கங்களைப் பிடித்துச் சேட்டை ஒடுக்குவது போன்ற மற்றதெல்லாம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே முடியும்.

பருத்தி என்றால் முதலில் தோய்த்துக் காயவைத்து அயன் பண்ணவேண்டும். சுருங்குவது சுருங்கட்டும். பிறகு சேட்டை உட்புறம் வெளியே வரப் போட்டு, தெறியெல்லாம் பூட்டிக்கொண்டு நிற்பேன். குண்டூசி குத்துவது அம்மா. "மூச்சை இழுத்துக்கொண்டு நில்லாதை தம்பி, சாப்பிட்டாப் பிறகும் போடவேணும்" என்பா.

ஒரு பக்கம் அரை அங்குலம் உள்ளே பிடித்தால் முன்னும் பின்னுமாக ஓர் அங்குலம் போகும். இரண்டு பக்கமும் சேர்த்தால் இரண்டு அங்குலம். இந்தக் கணக்கை மறந்தவர்கள்தான் சேட்டை உறையாக்கிவிடுகிறார்கள்.

குண்டூசிக் கோடு நடுக்கையில் தொடங்கி, கமக்கட்டடியில் மெதுவாக வளைந்து, இடுப்பில் உள்ளே போய், கீழே திரும்பவும் வெளியே வரவேண்டும். கமக்கட்டடியில் பேராசை கூடாது. மெசினில் வைக்க முன்னர் கையால் நூலோட்டிவிட்டுப் போட்டுப் பார்ப்பேன். 100ஆம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கவேண்டும். சேட் களிசானுக்குள் இருந்து கிளம்பி வந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்தவேண்டும். காலையில் காலி வீதியில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்குக் கண்ணாடி முன் நேராக நின்று பார்க்கும் அழகால் என்ன பலன்?

அம்மாவுடையது பழைய சிங்கர் கைமெசின். நேர்த்தையல் மட்டும்தான் அடிக்கும், ஓரத்து நூல் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லொக் கிடையாது. அதனால் ஓரத்தை மடிப்புத் தையலாக முடிக்கிறோம். கீழ்விளிம்பைப் பக்கத் தையலருகே மட்டும் கொஞ்சம் பிரித்துவிட்டு, புதுத் தையலைப் போட்டு, பழையதை வெளியே தள்ளி வெட்டி எறிந்துவிடலாம். மீதி ஓரங்களில் ஒன்றைப் பாதியாகக் குறுக்கி, மற்றதை அதன்மேல் மடித்து அயன் பண்ணி, விளிம்போடு இன்னொரு வரி. கம்பனித் தையலுக்கும் இதற்கும் பக்கத்தில் வந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, தடித்ததுக்கு 14. கமக்கட்டடியில் தையல்கள் நான்கும் சந்திக்கும் முடிச்சில் மட்டும் சில்லைக் கையால் மெல்ல உருட்டவேண்டும்; வேகம் காட்டினால் ஊசி முறியும்.

நீளக் கை விரல்வரை தொங்கினால் மணிக்கட்டுப் பட்டியைப் பிரித்து மல்லுக்கட்டுவதில்லை. கொழும்பு வெயிலுக்கு அரைக்கையே போதும் என்று முழங்கைக்கு மேலே வெட்டி மடித்துவிடுவோம். வெட்டிய துண்டைப் பத்திரப்படுத்தினால் பின்னொரு நாள் கொலர் தேயும்போது உதவும்.

கட்டம் போட்ட சேட் என்றால் அம்மா தொடமாட்டா. பக்கத்தில் பிடித்தால் முன்கட்டமும் பின்கட்டமும் ஒன்றோடொன்று சேராது. அதற்கு முதுகில் இரண்டு டார்ட், அதாவது கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு, பிடிக்கச் சொல்லுவா. அதை நானே பழகிவருகிறேன்.