ஆளுக்கொரு செப்புத் தகடு

காலையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏலத்துக்கு வந்த ஒரு பொருளின் படம் கண்ணில் பட்டது.

சின்னச் செப்புத் தகடு. மேலே கயிறு கோர்க்க ஓட்டை. ‘சார்ல்ஸ்டன்’, ஓர் எண், வருடம், ‘வேலைக்காரர்’.

நாய் வில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் இருக்கிறது சார்ல்ஸ்டன் என்ற அந்த ஊர். அடிமை முறை இருந்த காலத்தில் அங்கே அடிமையை வெளி வேலைக்கு வாடகைக்கு விடும் முதலாளி, வருடா வருடம் நகராட்சியில் காசு கட்டி இதை வாங்க வேண்டியிருந்தது. சுமை தூக்குபவருக்கு ஒன்று, மீன் பிடிப்பவருக்கு ஒன்று, பழம் விற்பவருக்கு ஒன்று.

கூலியில் பெரும்பங்கு முதலாளிக்கு. நகராட்சிக்கும் வருமானம், பாருங்கள்!

சாட்டையும் சங்கிலியும் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். இப்படி எண் போட்டு, கட்டணம் வாங்கி, ஒழுங்காக நடந்த நிர்வாகம்தான் எனக்கு அதைவிட பயமாக இருக்கிறது.

அதே ஊரில் டென்மார்க் வெசி என்ற அடிமைக்கு 1799-இல் லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. 600 டாலர் கொடுத்துத் தன்னையே வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் அடிமைகளாகவே இருந்தார்கள்.

1820-இல் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். முதலாளியே சம்மதித்தாலும் போதாது, ஒவ்வொருவர் விடுதலைக்கும் மாநிலச் சட்டமன்றம் ஒப்ப வேண்டியிருந்தது.

இரண்டே வருடத்தில், கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி வெசியைத் தூக்கிலிட்டார்கள். அந்த வழக்கில் மொத்தம் 35 பேருக்குத் தூக்கு.