கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு

சித்தப்பாவுக்கு நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை. காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து, பித்தளையை உருக்கி வார்க்கிற வேலை. முன்பக்கம் சின்னதாக ஒரு கடை. போன வருஷம் அதற்கு ஒரு வெப்சைட் போட்டோம். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் பக்கத்துக்கு ‘பாரம்பரியப் பித்தளைக் கலைப்பொருட்கள்’ என்று தலைப்பு வைத்தேன். மூன்று மாதம் கழித்து, கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தால் கிளிக் ஒற்றை இலக்கத்தில் நின்றது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஓர் அம்மா கூகுளில் ‘கலைப்பொருள்’ என்றா தேடுவார்?

மக்கள் எந்தச் சொற்களைத் தட்டித் தேடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் கீவேர்டு ரிசர்ச். அதைப் பழக ஆரம்பிப்பவர்கள் நேராக அதற்கான டூலைத் திறக்கிறார்கள். நான் ஒரு நோட்டு வாங்கிக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்தேன். ஆவணி முகூர்த்த நேரம், கடையில் கூட்டம். நேரில் வந்தவர்களும் போனில் கேட்டவர்களும் சொன்னதைத் திருத்தாமல் அப்படியே எழுதினேன். “மூணடி விளக்கு எத்தனை கிலோ வரும்?” “சீர் கொடுக்க ஜோடி என்ன விலை?” “அன்னம் வச்சது இருக்கா?” “எந்தத் திசை பார்த்து ஏத்தணும்?” “கறுத்துப் போச்சு, எப்படித் துலக்குறது?”

ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கூகுளில் பாதி மட்டும் தட்டிப் பார்த்தேன். மீதியை அதுவே கீழே வரிசையாகக் காட்டும். மற்றவர்கள் தேடியதிலிருந்து வருகிற வரிகள் அவை. அதையும் நோட்டில் சேர்த்தேன். தமிழில் தேடுகிறவர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ‘குத்து’வுக்கு ஒருவர் ‘டி’யோடு ‘ஹெச்’ சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்கமாட்டார். ‘நாச்சியார்கோவில்’, ‘நாச்சியார்கோயில்’ என்று தமிழிலேயே இரண்டு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணிக்க வேண்டாம். எது அதிகம் புழங்குகிறதோ அதைத் தலைப்பில் வைத்தால் போதும்.

அப்புறம்தான் கீவேர்டு பிளானர், ஒரு சொல்லை மாதம் எத்தனை தடவை தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் டூல். கூகுள் ஆட்ஸ் கணக்கு இருந்தால் இலவசம். விளம்பரம் கொடுக்காதவர்களுக்குத் துல்லியமான எண் காட்டாது. மாதத்துக்கு 100 முதல் 1,000 வரை என்று ஒரு வரம்புதான் தெரியும். நீளமான தமிழ் வரிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அதைப் பார்த்து ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் கண் முன்னால் நாலு பேர் கேட்ட கேள்வி அது.

நான் அதிகம் தடுமாறிய இடம் வேறு. ‘குத்துவிளக்கு’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடிக்க ஆசைப்பட்டேன். அதில் முதல் பக்கம் முழுக்கப் பெரிய விற்பனைத் தளங்கள். ‘கல்யாணச் சீருக்கு 3 அடி நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விலை’ என்று தேடுகிறவர் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் அவர் வாங்க வருகிறவர். ‘பித்தளை விளக்கு துலக்குவது எப்படி’ என்று தேடுகிறவர் இன்றைக்கு வாங்கமாட்டார். அவருக்கு வேண்டியது பதில். இந்த இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்தால் இருவருக்குமே பிரயோஜனம் இல்லை. சந்தேகம் வந்தால் அந்த வரியைத் தேடி, முதலில் வருபவை கடைகளா, வீடியோக்களா, கட்டுரைகளா என்று பாருங்கள். எப்படிப்பட்ட பக்கம் எழுத வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கும்பகோணத்தில் ஒருவர், ஒரு பக்கத்தில் சொல்லை இருபது தடவை போடச் சொன்னார். நானும் போட்டேன். படித்துப் பார்த்த சித்தப்பா, “ஏம்மா, ஒரே வார்த்தையையே சொல்லிக்கிட்டு இருக்கே?” என்றார். அன்றைக்கே அழித்தேன். கீவேர்டைத் திணிப்பதைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளிலேயே சேர்த்திருக்கிறது. படிப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் கோடில் எழுதும் மெட்டா கீவேர்டைத் தனியாக நிரப்பச் சொன்னாலும் நேரத்தை வீணாக்க வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் சொல்லிவிட்டது.

இப்போது முதல் பக்கத்தின் தலைப்பு ‘நாச்சியார்கோவில் குத்துவிளக்கு: அடி, எடை, விலை’. எடைப் பட்டியலை சித்தப்பா தராசில் வைத்து வைத்துச் சொன்னார், நான் எழுதினேன். சர்ச் கன்சோலில் மக்கள் தட்டிய வரிகளே தெரிகின்றன. போன வாரம் ‘அன்ன விளக்கு எத்தனை முகம்’ என்று ஒன்று வந்திருந்தது. அது நோட்டில் இல்லாத கேள்வி.

எந்தத் தேடல் எப்போது ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் விளக்கைப் பற்றிய தேடல் கார்த்திகை தீபத்தை ஒட்டி ஏறுகிறது. துலக்கும் பக்கத்தை ஐப்பசியிலேயே போட்டுவிட வேண்டும். நேற்று சித்தி புளியை ஊறவைத்துத் தேய்த்து, கழுவி, ஈரம் இல்லாமல் துணியால் துடைத்ததைப் படிப்படியாகப் படம் எடுத்துவிட்டேன்.