லினக்ஸில் திறந்த பழைய பத்திரிகைகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் மாமா நடத்தும் அச்சுக் கடையில் பழைய கோப்புகள் எல்லாமே பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலில் செய்தவை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அட்டை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் போடும் பந்தல்களின் நோட்டீஸ், அத்தனையும், எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் எழுத்துருக்களில். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, கடைக் கம்ப்யூட்டரில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. "எதை வேணா மாத்து, ஃபைல் மட்டும் திறக்கணும்டா" என்றார் மாமா. சரி என்று விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தையும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைனையும் போட்டேன்.

நிரல் விண்டோஸிடம் ஒரு சன்னலைத் திற, ஓர் எழுத்துருவைக் கொடு என்று கேட்கும் ஒவ்வொரு அழைப்பையும் வைன் தானே வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது, முழு விண்டோஸையும் உள்ளே ஓட்டுவதில்லை, அதனால் பழைய கம்ப்யூட்டரிலும் இழுவை தெரிவதில்லை. 1993இல் தொடங்கியவர்கள் 1.0 பதிப்பை வெளியிட்டது 2008இல். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பேஜ்மேக்கர் 32 பிட் நிரல் என்பதால் வைனின் 32 பிட் பொட்டலங்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. அப்புறம் அதற்கென்று தனி பிரிஃபிக்ஸ், அதாவது சி டிரைவும், அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியும் அடங்கிய ஒரு ஃபோல்டர். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஏதாவது கெட்டால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும், மற்ற நிரல்களுக்கு ஒன்றும் ஆகாது, நன்றாக ஓடும்போது அப்படியே நகலெடுத்து வைத்தால் அதுவே பேக்கப்.

உண்மையான வேலை எழுத்துருவில்தான். அது இல்லாமல் திறந்தால் தமிழ் முழுக்க மேலே கோடும் புள்ளியும் வைத்த லத்தீன் எழுத்துகளாக நிற்கும், ஏனென்றால் அந்த எழுத்துருக்கள் லத்தீன் எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வரைந்து வைத்திருக்கின்றன. பழைய எழுத்துருக்களை பிரிஃபிக்ஸுக்குள் இருக்கும் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டதும் பக்கங்கள் வரி மாறாமல் வந்தன. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் சேர்த்திருந்த பிரிண்டரை வைன் தானே எடுத்துக்கொண்டது.

தட்டச்சுக்கு வைத்திருந்த பழைய விசைப்பலகை நிரல் மட்டும் உள்ளே நிலையாக ஓடவில்லை. மிண்ட்டிலேயே தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடாக அடித்து, குறியாக்க மாற்றி நிரல் ஒன்றில் பழைய எழுத்துருவுக்கு மாற்றி, பிறகு பேஜ்மேக்கரில் ஒட்டுகிறோம். ஒரு படி கூடுதல்தான். அதனால் புதிய வேலைகளை யூனிகோடைப் புரிந்துகொள்ளும் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு நிரலுக்கு மாற்றி வருகிறோம்.

யூஎஸ்பி பூட்டு, அதாவது செருகியிருந்தால்தான் நிரல் ஓடும் சிறு சாதனம், கேட்கும் கணக்கு மென்பொருளுக்கு வழி கிடைக்கவில்லை, அந்தப் பூட்டுக்கான விண்டோஸ் டிரைவரை வைன் ஏற்றாது. ஹார்ட்டிஸ்கின் ஒரு பகுதியில் விண்டோஸ் 10ஐ இணையம் இல்லாமல் விட்டுவைத்து, மாதக் கணக்குக்கு மட்டும் அதில் போகிறார் மாமா.