'ஃப்ளெக்ஸிபிள்தான்' என்றார்கள், நானும் நம்பினேன்

வேறு வேலை தேடி மூன்று கம்பெனி, இரண்டரை மாத அலைச்சல். நான் கேட்டது கூடுதல் சம்பளம்கூட இல்லை. மாலை 3:30-க்குக் கிளம்பி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரணும், மீதி வேலையை அவள் தூங்கினபிறகு முடித்துத் தருகிறேன், அவ்வளவுதான்.

முதல் இடத்தில் நடந்தது முழுக்க என் தப்பு. எச்ஆர் முதல்முறை ஃபோனில் கூப்பிட்டபோது, என்ன வேலை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டேன். "ஓ... குழந்தை இருக்கா?" என்றார். அந்த 'ஓ'வுக்கு அப்புறம் பேச்சு இரண்டு நிமிடம் நீளவில்லை. பார்த்துட்டுச் சொல்றோம் என்றவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டாவதுதான் இப்போதும் வயிற்றெரிச்சல். உஷாராக, எல்லா ரவுண்டும் முடிந்து, எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னபிறகே வாயைத் திறந்தேன். "அதெல்லாம் கவலையே படாதீங்க மேடம், இங்கே ஃப்ளெக்ஸிபிள்தான்" என்றார் எச்ஆர். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். ராஜினாமா மெயில் டிராஃப்டில் தயாராக இருந்தது. அனுப்பும் முன் என்னவோ தோன்றி ராத்திரி பதினோரு மணிக்கு லெட்டரை முழுசாகப் படித்தால், நான்காம் பக்கத்தில் இருக்கிறது: காலை 8-லிருந்து 10-க்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்ததிலிருந்து 9 மணி நேரம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தாலும் ஐந்துக்குத்தான் எழுந்திருக்க முடியும். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை! மறுநாள் எச்ஆரைக் கேட்டால் அது மேனேஜர் முடிவு என்கிறார், மேனேஜரைக் கேட்டால் அது பாலிசி, எச்ஆரைக் கேளுங்க என்கிறார். நாலு நாள் இப்படியே போனது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

மூன்றாவது இடத்தில் 'ஃப்ளெக்ஸிபிள்' என்ற வார்த்தையே என் வாயிலிருந்து வரவில்லை. கடைசி ரவுண்டில் டீம் மேனேஜர் "ஏதாவது கேட்கணுமா?" என்றபோது, தினசரி மீட்டிங் எத்தனை மணிக்கு, நாலு மணிக்கு மேல் எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலை எது என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, வியாழக்கிழமை ரிவியூ ஒன்றுதான் என்றார். ஆஃபர் உறுதியானதும் அவருக்கே மெயில் போட்டேன்: காலை 8:30-லிருந்து 3:30 வரை அலுவலகம், இரவு 8-லிருந்து 10 வரை வீட்டிலிருந்து, வியாழன் ரிவியூவுக்கு ஃபோனில் இருப்பேன், மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம். நேரத்தைக் குறைக்கவில்லை, மாற்றி வைக்கத்தான் கேட்கிறேன் என்பதையும் சேர்த்தேன். நீங்களும் இதைக் கட்டாயம் எழுதுங்கள், இல்லையென்றால் பார்ட் டைம் என்று சொல்லிச் சம்பளத்தில் கை வைக்கப் பார்ப்பார்கள்.

மேனேஜர் இரண்டே நாளில் சரி என்றார். ஆனால் வந்த லெட்டரில் பழையபடி 9:30 - 6:30! எல்லாருக்கும் ஒரே டெம்ப்ளேட், மாற்ற முடியாது என்றது எச்ஆர். சரி, லெட்டரை மாற்ற வேண்டாம், மேனேஜரின் மெயிலுக்குக் கீழேயே 'சம்மதம்' என்று ஒரு வரி போடுங்கள் என்றேன். அந்த ஒரு வரிக்கு ஆறு நாள் ஆனது, மூன்று முறை ஞாபகப்படுத்தினேன், அதுவரை பழைய இடத்தில் ராஜினாமா பற்றி மூச்சு விடவில்லை.

சேர்ந்த இரண்டாவது மாதம் அந்த மேனேஜர் வேறு டீமுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் முதல் நாளே, நான் பையை மாட்டும்போது கடிகாரத்தைப் பார்த்து, "அதுக்குள்ளே கிளம்பிட்டீங்களா?" என்றார். நின்ற இடத்திலேயே ஃபோனை எடுத்து அந்த மெயிலை அவருக்கு ஃபார்வர்ட் பண்ணினேன். படித்துவிட்டு, "ஓ, சரி" என்றார்.

இந்த 'ஓ' பரவாயில்லை. 3:40-க்குப் பள்ளி வாசலில் நின்றேன்.