புதிய ரிஸ்க்-ஃபைவ் சிப்புக்கான கெர்னல் பேட்ச்களை ரிவ்யூ செய்த அனுபவம்

சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் கம்பெனி, திருப்பூர் நிட்டிங் மெஷின்களுக்குக் கண்காணிப்புப் பெட்டிகள் செய்கிறது. அந்தப் பெட்டிக்குள் புதிதாக நான்கு கோர் ரிஸ்க்-ஃபைவ் (திறந்த ப்ராசஸர் கட்டளைத் தரநிலை) சிப் ஒன்றைப் போட முடிவு செய்தோம். சிப்போடு வந்தது ஒரு பழைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), அதன் மேல் விளக்கமே இல்லாமல் குவிந்த மாற்றங்கள். அதையே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் நாங்களே கையால் ஒட்ட வேண்டியிருக்கும். மூல லினக்ஸிலேயே இந்தச் சிப்புக்கு ஆதரவைச் சேர்த்துவிடுவதுதான் வழி.

அதற்கான பேட்ச்களை, அதாவது கெர்னல் கோடில் செய்யும் மாற்றங்களை, எழுதியவர் கோபியிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் இளம் பொறியாளர். வெளியே அனுப்பும் முன் ரிவ்யூ செய்வது என் பொறுப்பு.

"ஏனுங்ணா, போர்டுதான் பூட் ஆயிடுச்சுங்களே, இன்னும் என்னங்க பாக்கோணும்?" என்று கேட்டார்.

"பூட் ஆச்சு அம்மணி. ஆனா பெட்டி மில்லுல ராப்பகலா ஓடோணுமில்ல" என்றேன்.

நிரலின் கோடை நான் முதலில் திறப்பதில்லை. ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதப்படும் கமிட் விளக்கத்தைத்தான் படிப்பேன். என்ன மாற்றினோம் என்பதைக் கோடே சொல்லிவிடும். ஏன் மாற்றினோம் என்பது அங்கே எழுதியிருந்தால்தான் உண்டு. இடைவெளி, வரி நீளம் போன்றவற்றை செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும், அதில் மனிதர் நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. அப்புறம் ஒவ்வொரு பேட்ச் சேர்ந்த நிலையிலும் கெர்னல் கம்பைல் ஆகிறதா என்று கிட் கருவியில், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு கட்டளையை ஓட்டும் ரீபேஸ் எக்ஸெக் வசதியை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒன்று உடைந்திருந்தால் பிற்காலத்தில் யாராவது பைசெக்ட் செய்து (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து) ஒரு பிழையைத் தேடும்போது அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் கேட்டேன். எந்தச் சிப் என்று கெர்னல் அடையாளம் காணும் 'கம்பேட்டிபிள்' பெயரில் சிப் எண்ணின் கடைசி இலக்கங்களுக்குப் பதில் 'எக்ஸ்' போட்டு, குடும்பம் முழுவதற்கும் ஒரே பெயராக வைத்திருந்தார். நாளைக்கு அதே குடும்பத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் சிப் வந்தால் கெர்னலால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. வெளியே போன டிவைஸ் ட்ரீயை நாம் நினைத்தபோது மாற்றவும் முடியாது. முழு எண்ணோடு எழுதச் சொன்னேன், மாற்றினார்.

அதிக நேரம் பிடித்தது கேஷ் (ப்ராசஸர் தன் பக்கத்திலேயே தரவின் நகலை வைக்கும் சிறு நினைவகம்) சம்பந்தப்பட்ட பேட்ச். இந்தச் சிப்பில் டி.எம்.ஏ.வும் (சாதனங்கள் ப்ராசஸர் வழியாகப் போகாமல் நேரடியாக நினைவகத்தைப் படித்து எழுதும் முறை) ப்ராசஸரின் கேஷும் தாமாக ஒத்துப்போவதில்லை. ஆனால் ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ், சாதனங்கள் கேஷோடு ஒத்துப்போகும் என்றுதான் இயல்பாக எடுத்துக்கொள்ளும். ஒத்துப்போகாதவற்றை டிவைஸ் ட்ரீயில் குறித்துச் சொல்ல வேண்டும், கேஷைச் சுத்தம் செய்யும் ஃபங்க்ஷன்களையும் கெர்னலிடம் பதிவு செய்ய வேண்டும். குறிப்பு சரியாக இருந்தது. ஆனால் டி.எம்.ஏ. முடிந்த பிறகு கேஷ் லைன்களை (கேஷில் இருக்கும் தரவுத் துண்டுகளை) நீக்க வேண்டிய ஃபங்க்ஷன் காலியாக இருந்தது. சிப்போடு வந்த பழைய கோடில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தார். டி.எம்.ஏ. தொடங்கும் முன்பே அந்த லைன்களை நீக்கிவிடுகிறோமே, மறுபடி எதற்கு என்பது அதன் கணக்கு.

கணக்கு சரிபோலத் தெரியும். ஆனால் ப்ராசஸர் சும்மா இருப்பதில்லை. பக்கத்து நினைவகத்தைப் படிக்கும்போது, அடுத்து தேவைப்படலாம் என்று தானாகவே முன்கூட்டி எடுத்துவரும். நெட்வொர்க் சாதனம் பஃபரில் எழுதி முடிக்கும் முன் அப்படி எடுத்துவிட்டால் கேஷில் பழைய தரவு உட்கார்ந்துவிடும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விலை மாறிய பிறகும் பையில் எழுதி வைத்த காலை விலையைப் பார்த்துப் பேசுவது மாதிரி. டி.சி.பி. செக்சம் (நெட்வொர்க்கில் தரவு கெடாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) பிடித்துவிடாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் போர்டில் செக்சத்தை நெட்வொர்க் சாதனமே சரிபார்த்து 'சரி' என்று சொல்லிவிடுகிறது. சாதனம் பார்த்தது புதிய தரவு, கெர்னல் படிப்பது பழையது. யாரும் கத்தமாட்டார்கள், உற்பத்திக் கணக்கில் எங்கோ ஒரு எண் மட்டும் தப்பாக இருக்கும்.

வாதத்தோடு நிறுத்தாமல் சோதித்தோம். நினைவகத்தை இடைவிடாமல் படிக்கும் ஒரு நிரலை மற்ற கோர்களில் ஓடவிட்டு, பெரிய கோப்புகளை நெட்வொர்க் வழியாக வாங்கி அவற்றின் ஷா-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) அசலோடு ஒப்பிட்டோம். எப்போதோ ஒருமுறை பொருந்தாமல் போனது. அந்தக் காலி ஃபங்க்ஷனை நிரப்பியதும் ராத்திரி முழுக்க ஓட்டியும் ஒன்றுகூடத் தவறவில்லை. போர்டைப் போலி செய்யும் கியூஎமு மென்பொருளில் மட்டும் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்கவே வந்திருக்காது, ஏனென்றால் கியூஎமு கேஷைப் போலி செய்வதில்லை. அசல் போர்டு கையில் இல்லாமல் இந்த மாதிரிப் பேட்ச்களுக்கு ஒப்புதல் தரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எர்ராட்டா பேட்சில் (சிப்பில் இருக்கும் பிழைகளைச் சமாளிக்கும் பேட்ச்), ஓடும் கெர்னல் கோடையே மாற்றி எழுதும் இடம் ஒன்று இருந்தது. மாற்றிய கோடையே இனி எடுத்துக்கொள் என்று சொல்லும் ஃபென்ஸ்.ஐ கட்டளை, அதை ஓட்டும் கோருக்கு மட்டும்தான் செல்லும். மற்ற கோர்கள் எழும் முன்பே அந்த மாற்றம் முடிந்துவிடுகிறது என்று காட்டினார். சரி, விட்டுவிட்டேன்.

கடைசியாக, பராமரிப்பவர்களைப் பட்டியலிடும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் யார் பெயர் என்று பேசினோம். ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2018 ஜனவரியில், 4.15 பதிப்பில் லினக்ஸுக்குள் வந்தது. அதே வருடம் 4.17இல் பிளாக்ஃபின், டைல் உட்பட எட்டு ஆர்க்கிடெக்சர்கள் (ப்ராசஸர் வகைகள்) நீக்கப்பட்டன. பராமரிக்க ஆள் இல்லாத கோடுக்குக் கெர்னலில் இடம் நிலைக்காது. அவர் தன் பெயரோடு என் பெயரையும் போட்டார், நானும் சம்மதித்தேன்.

அதன் பிறகுதான் 'ரிவ்யூட்-பை' வரி கொடுத்தேன். 'டெஸ்டட்-பை' என்றால் ஓட்டிப் பார்த்தேன் என்று மட்டும் அர்த்தம். 'ரிவ்யூட்-பை' என்றால் படித்தேன், சரியென்று நம்புகிறேன், கேட்டால் பதில் சொல்வேன் என்று அர்த்தம். கேஷ் பேட்சுக்கு இரண்டும் கொடுத்தேன். போர்டைத் தூங்கவைக்கும் சஸ்பெண்ட் பேட்சுக்கு எதுவும் கொடுக்கவில்லை. தூங்கி எழுந்த பிறகு கேஷ் கன்ட்ரோலரின் அமைப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லாததால், அதை இந்தத் தொகுப்பிலிருந்து தனியே பிரித்து வைத்திருக்கிறோம்.